இருபது லட்சம் ரூபாய்க்கு ஐரோப்பிய கார்: புதிய வெர்டஸா, பழைய பி.எம்.டபிள்யூ.வா?

வளைகுடாவிலோ பிரான்ஸிலோ சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் வீட்டில் வைக்கும் கோரிக்கைகளில் இப்போது கார் முதலிடம் பிடித்துவிட்டது. ஏதோ ஒரு கார் போதும் என்று அவர்கள் சொல்வதில்லை. துபாயிலும் தோஹாவிலும் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஐரோப்பிய கார்தான் வேண்டும்; உயரமான எஸ்.யு.வி. அல்ல, தாழ்வாக, சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடும் சிறிய செடான் வேண்டும். வில்லியனூர், சுல்தான்பேட்டை, செல்லிப்பட்டு என்று புதுச்சேரியின் கிராமப்புறக் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. பெரும்பாலும் அது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். 20 லட்சத்துக்குப் புதிய ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியா வாங்கலாம் என்பது ஒரு கட்சி. அதே பணத்துக்கு, சில நேரம் அதற்கும் குறைவாக, பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸோ ஆடி ஏ4 காரோ கிடைக்கும்போது புதியது எதற்கு என்பது மறு கட்சி.

இரண்டாவது கட்சியின் வாதம் கேட்க இனிமையானது. புதிதாக 40, 50 லட்சம் விலை போன கார் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கார் பழையதாகும்போது அதன் விற்பனை விலைதான் குறைகிறது, உதிரிப் பாகங்களின் விலை குறைவதில்லை. 50 லட்ச ரூபாய் காருக்குரிய பிரேக்கும் சஸ்பென்ஷனும் சென்சாரும் அந்தக் கார் 15 லட்சத்துக்குக் கைமாறிய பிறகும் 50 லட்ச ரூபாய் காருக்குரிய விலையில்தான் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒப்பீட்டுக்குள் போக வேண்டும்.

முதலில் புதியவை. வெர்டஸும் ஸ்லாவியாவும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி. இரண்டும் 2022-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தவை. இரண்டும் புனே அருகே சாக்கனில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. அடித்தளம் ஒன்று, எஞ்சின்கள் ஒன்று. 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் 115 குதிரைத்திறன் தரும். 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தரும். ஸ்போர்ட் செடான் என்ற பெயருக்குப் பொருத்தமானது இந்த 1.5 தான். சுமை குறைவாக இருக்கும்போது இரண்டு சிலிண்டர்களை அதுவே நிறுத்திக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. 2023-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் இரண்டு கார்களுமே பெரியவர்கள் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. குடும்பத்தோடு பயணம் செய்கிறவர்கள் குதிரைத்திறனுக்கு முன்பே பார்க்க வேண்டியது இந்த நட்சத்திரத்தைத்தான்.

விழுப்புரம்–புதுச்சேரி–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையில் இந்த 1.5 எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் ஐரோப்பிய கார் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது புரியும். 100 கிலோமீட்டர் வேகத்திலும் கார் அலைபாயாது. லாரியை முந்தும்போது எஞ்சினிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கதவை மூடும் சத்தம்கூட வேறாக இருக்கும். அதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு.

கியர்பாக்ஸ் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். 1.5 எஞ்சினோடு வரும் தானியங்கி, ஏழு வேக டி.எஸ்.ஜி. இரண்டு உலர் கிளட்ச் கொண்ட அமைப்பு இது. கண்ணிமைக்கும் நேரத்தில் கியர் மாற்றும். ஆனால் இந்த வகை கியர்பாக்ஸுக்கு நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வது பிடிக்காது. கிளட்ச் சூடாகும், தேயும். இதே குடும்பத்தைச் சேர்ந்த முந்தைய கியர்பாக்ஸ்களுக்காக ஃபோக்ஸ்வேகன் 2013-ல் பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்த வரலாறு உண்டு. அதன் பிறகு பல திருத்தங்கள் செய்திருக்கிறார்கள் என்றாலும், உத்தரவாதக் காலம் முடிந்த பின் மெக்கட்ரானிக்ஸ் பகுதி பழுதானால் செலவு லட்சத்தைத் தாண்டும். எனவே டி.எஸ்.ஜி. வாங்குகிறவர்கள் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத்தையும் சேர்த்து வாங்குவது நல்லது. அந்தப் பணத்தைக் காரின் விலையிலேயே ஒரு பகுதியாக வைத்துக் கணக்குப் போடுங்கள். தினமும் புதுச்சேரி நகருக்குள் நேரு வீதி, இந்திரா காந்தி சிக்னல் என்று ஊர்கிறவர் என்றால், 1.0 எஞ்சினோடு வந்த ஆறு வேக டார்க் கன்வர்ட்டர் தானியங்கி அமைதியான தேர்வு. ஓட்டுவதையே ரசிக்கிறவருக்கு 1.5 எஞ்சினும் ஆறு வேக மேனுவலும் சேர்ந்த ரகம் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை.

வெர்டஸா, ஸ்லாவியாவா என்று இரவெல்லாம் காணொளி பார்க்கிறார்கள். அவ்வளவு வேறுபாடு இல்லை. டிக்கி இரண்டிலும் 521 லிட்டர். வெர்டஸ் 2 சென்டிமீட்டர் நீளம் அதிகம். உங்களுக்கு அருகில் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் ஒழுங்காக நடக்கிறதோ, அந்தக் காரை வாங்குங்கள்.

விலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட இந்த வகைக் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன் மேல் செஸ்ஸும் என்றிருந்தது போய், மொத்தமாக 40 சதவீதம் ஆனது. 1.5 லிட்டர் வரையிலான பெட்ரோல் செடானுக்கு முன்பு 45 சதவீதம் இருந்தது. அதற்கு முன் வந்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

இனி பழைய கார்கள். 2012 முதல் 2019 வரை இங்கு விற்ற எஃப்30 தலைமுறை பி.எம்.டபிள்யூ. 320டி காரை எடுத்துக்கொள்வோம். பின்சக்கர இழுவை, 380 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத டீசல் இழுவிசை. ஓட்டும் சுகத்தில் வெர்டஸ் இதன் பக்கத்தில் வர முடியாது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் முந்தைய ஆண்டுக் கார்களில் உள்ள என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. செயினில் இரைச்சல் கேட்டால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. டயர்கள் பெரும்பாலும் ரன்ஃப்ளாட் வகை. ஆணி குத்தினாலும் கொஞ்ச தூரம் ஓடும் என்பதால் மாற்று டயர் வைக்க மாட்டார்கள். பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டில் கிழிந்தால், கிராமத்துச் சாலையில் இரவு 10 மணிக்கு என்ன செய்வீர்கள்? இத்தனைக்கும் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை 2007 முதல் நம் பக்கத்தில், செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில்தான் இயங்குகிறது. அருகில் தயாராவதால் உதிரிப் பாகம் மலிவாகிவிடாது.

டெல்லியிலிருந்து வரும் டீசல் கார்கள் தனிக் கதை. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால், அந்த வயதை நெருங்கிய சொகுசுக் கார்கள் மலிவாகத் தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று, இங்கே மீண்டும் வரி, மறுபதிவு என்று எல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் என் பரிந்துரை வேறு: 2021 ஜூன் முதல் 2023 தொடக்கம் வரை விற்ற நான்காம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா. 2.0 லிட்டர் பெட்ரோல், 190 குதிரைத்திறன், 600 லிட்டர் டிக்கி. இதில் வருவது எண்ணெயில் இயங்கும் ஈர கிளட்ச் டி.எஸ்.ஜி. என்பதால் வெப்பத்தைத் தாங்கும். பின் இருக்கையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டாவது உட்காரலாம். பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கிரான் கூப்பேயில் அது முடியாது. கூரை பின்னால் சரிந்து வருவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். 2025 அக்டோபரில் ஆக்டேவியா ஆர்.எஸ். மறுபடி வந்தது. 265 குதிரைத்திறன், ஏறக்குறைய 50 லட்ச ரூபாய், முழுதாக இறக்குமதி, மொத்தம் 100 கார்கள். அது நம் கணக்கில் சேராது.

எரிபொருளையும் பார்க்க வேண்டும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் அதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய பெட்ரோல் காரை வாங்கும் முன் கையேட்டையும் எரிபொருள் மூடியின் உட்புறத்தையும் பார்த்து, எவ்வளவு எத்தனால் வரை அனுமதி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரான்ஸில் உறவினர் இருக்கும் வீடுகளில், அங்கே அவர் ஓட்டும் காரையே கொண்டுவந்துவிடலாமே என்ற யோசனையும் எழும். இந்திய விதிப்படி இறக்குமதியாகும் பழைய கார் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரான்ஸில் அது இடப்பக்கம். பேச்சு அத்தோடு முடிந்தது.

செல்லிப்பட்டு போன்ற ஊரில் வாங்குகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. சங்கராபரணிக் கரையில் இருக்கும் ஊர் இது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய செல்லிப்பட்டு–பிள்ளையார்குப்பம் படுகை அணை 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெர்டஸ், ஸ்லாவியாவின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் இருக்கிறது. அது வெறும் காருக்கு; ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் குறையும். வேகத்தடையில் நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக ஏறினால் அடி தட்டாது. ஆனால் ஓடும் தண்ணீரில் எந்தச் செடானையும் இறக்காதீர்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். நின்ற காரை அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது சேதத்தைப் பெரிதாக்கும். இந்தச் சேதத்தைச் சாதாரண விரிவான காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கார் ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் இதைத் தரப் பல நிறுவனங்கள் தயங்கும் என்பது பழைய காருக்கு எதிரான இன்னொரு புள்ளி.

விற்பனைக்கு வரும் பழைய காரே வெள்ளத்தில் கிடந்ததாக இருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கி, இருக்கையின் அடித் தண்டவாளங்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணத்தால் அதற்கும் காரணம் கேளுங்கள்.

பி.ஒய். எண் பலகைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. புதுச்சேரியில் வாகன வரி அண்டை மாநிலங்களைவிடக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் உயர்வுக்குப் பின் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இந்த வேறுபாட்டால்தான் வெளிமாநிலத்தவர் பலர் இங்குள்ள முகவரியைக் காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிந்தார்கள். 2017-ல் கேரளத்தில் திரைத்துறையினர் சிலர் மீது இது வழக்காகவே ஆனது. எனவே பழைய பி.ஒய். சொகுசுக் கார் ஒன்று கிடைத்தால், முதல் உரிமையாளரின் முகவரி உண்மையானதா என்று விசாரியுங்கள். பொய்யான ஆவணத்தில் பெற்ற பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதன் மறுபக்கம் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கும் மச்சான், "உங்க வீட்டு அட்ரஸ்ல பதிஞ்சுக்கிறேன், ரெண்டு மூணு லட்சம் மிச்சமாகும்" என்பார். உறவு முறிந்துவிடுமோ என்று பலர் தலையாட்டிவிடுகிறார்கள். கார் வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே பதிய வேண்டும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். முகவரி கொடுத்தவர் வீட்டுக்குத்தான் அபராத நோட்டீஸும் விபத்து வழக்கின் அழைப்பும் வரும். மார்க்கமும் இந்தப் பொய்யை அனுமதிக்கவில்லை. மச்சானிடம் அப்படியே சொல்லிவிடலாம்.

கடைசியாகப் பணம். வட்டிக் கடன் வேண்டாம் என்று ஆண்டுக் கணக்கில் சேர்த்துவைத்து ரொக்கமாக வாங்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். அவர்களுக்குப் பழைய சொகுசுக் கார் இன்னும் ஆபத்து. 18 லட்சத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, ஆறாவது மாதம் 3 லட்சம் பழுது வந்தால், எந்த வட்டியை விட்டு ஓடினோமோ அதன் வாசலில் போய் நிற்க நேரும். 20 லட்சம் இருந்தால் 16, 17 லட்சத்தில் முடியும் காரைத் தேடுங்கள். மீதி அந்தக் காருக்கென்றே வங்கியில் இருக்கட்டும். ஷோரூமில் "வட்டியே இல்லாத தவணை" என்று சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். ரொக்கத்துக்கு 60 ஆயிரம் தள்ளுபடி, தவணைக்கு இல்லை என்றால், அந்த 60 ஆயிரம் எதன் பெயர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது மகன் மட்டும் போகக் கூடாது. அத்தாவையும் அம்மாவையும் கூட்டிப்போய்ப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள். ஸ்போர்ட் செடானின் இருக்கை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு திணறுவதை ஷோரூமிலேயே பார்த்துவிடுவது நல்லது. பழைய கார் முடிவானால், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு வங்கி அடமானம், காப்பீடு, நிலுவை அபராதம் மூன்றையும் பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்திட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.