ஏரியலைச் சோதிக்கும் கைக்கருவி

அமெச்சூர் வானொலி நிலையத்தில் விலை உயர்ந்த பொருள் ஒலிபரப்பிதான். ஆனால் அதன் ஆற்றலை வெளியில் பரப்புவது ஏரியல் என்னும் எளிய கம்பி. ஒலிபரப்பி 50 ஓம் மின்மறுப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஏரியலின் மின்மறுப்பு வேறாக இருந்தால், ஆற்றலின் ஒரு பகுதி கேபிள் வழியே திரும்பிவிடும். மிகுதியாகத் திரும்பினால் ஒலிபரப்பியின் டிரான்சிஸ்டர்கள் கெடவும் கூடும். இதைக் குறிக்கும் அளவே நிலையலை விகிதம். அது 1 ஆனால் எதுவும் திரும்பவில்லை. 2 ஆனால் நூற்றுக்கு 11 பங்கும், 3 ஆனால் 25 பங்கும் திரும்புகின்றன.

ஆன்டெனா அனலைசர் மிக நுண்ணிய ஆற்றலை ஏரியலுக்கு அனுப்பி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுகிறது. 7.1 மெகாஹெர்ட்சுக்காக 20.7 மீட்டர் நீளத்தில் இருமுனை ஏரியல் கட்டுகிறீர்கள், அது 6.9இல் ஒத்ததிர்கிறது எனக் கருவி காட்டுகிறது. கம்பி நீளம் என்பது இதன் பொருள். இரு பக்கமும் சுமார் 29 சென்டிமீட்டர் குறைத்தால் போதும்.

எந்தக் கருவியை வாங்குவது? 7, 14 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உங்களுக்குப் போதுமா, 145 மெகாஹெர்ட்சும் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2019 முதல் பரவலாகிய நானோ வி.என்.ஏ. விலை குறைந்தது, அதன் தொடக்ககால வகையே 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். ஆனால் அதன் சிறு திரை வெயிலில் மங்கும். உக்ரைனின் ரிக்எக்ஸ்பர்ட் கருவிகள் மொட்டைமாடி வேலைக்கு வசதியானவை, விலை அதிகம். அமெரிக்காவின் எம்.எப்.ஜே. நிறுவனம் 2024இல் தன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பழைய கருவியை வாங்குவோர் இதை நினைவில் கொள்க.

அடாப்டரிலும் கவனம் தேவை. நானோ வி.என்.ஏ.யில் இருப்பது சிறிய எஸ்.எம்.ஏ. இணைப்பு, உங்கள் கேபிளின் நுனியிலோ பெரும்பாலும் பருமனான பி.எல்.259. கனத்த கேபிளை நேரே தொங்கவிட்டால் சிறு இணைப்பு முறியும். இடையில் வளையக்கூடிய குட்டைக் கேபிள் ஒன்றை வையுங்கள். 7 மெகாஹெர்ட்சில் அலைநீளம் சுமார் 43 மீட்டர். அடாப்டரின் சில சென்டிமீட்டர் அங்கே பொருட்டல்ல. 435 மெகாஹெர்ட்சிலோ அலைநீளம் 69 சென்டிமீட்டர்தான். ஆகவே திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் அடாப்டரின் வெளிமுனையில் பொருத்தியே கருவியைச் சீர்செய்ய வேண்டும்.

குறைந்த விகிதம் நல்ல ஏரியலுக்குச் சான்றாகாது. பாதி ஆற்றலை விழுங்கும் கேபிளின் முனையில் ஏரியலே இல்லாவிட்டாலும், போகும்போது பாதியும் வரும்போது பாதியும் இழந்து, கால் பங்குதான் திரும்பும். கருவி 3 என்றே காட்டும்! எனவே இயன்றவரை ஏரியலின் அடியிலேயே அளந்து பாருங்கள்.

அளக்கும்முன் கேபிளின் நடுக்கம்பியை வெளிப்பின்னலோடு தொடவைத்து, தேங்கிய நிலைமின்னைப் போக்குங்கள். அருகில் ஒலிபரப்பு நடந்தால் அளக்காதீர்கள், கருவி பழுதாகும்.