குழந்தை வளர்ப்பும் கிறித்தவ நோக்கும்: இரு நிலைப்பாடுகள்

குழந்தை வளர்ப்புப் பற்றிய கிறித்தவ நோக்கு என்றும் மாறாத ஒன்றெனக் கருதுவோர் உளர். புரட்டஸ்தாந்து மரபின் வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லிக்கு, அவர்தம் தாயார் சுசன்னா 1732இல் எழுதிய கடிதமொன்று குறிப்பிடத்தக்கது. பிள்ளையின் சுயவிருப்பை முதலில் அடக்குதலே அவரது முறையின் அடிப்படை. ஒரு வயதளவிலேயே அவர் பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும், ஓசையடக்கி அழவும் பழக்கப்பட்டனர். எனினும், குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டோர் அடிக்கப்படவில்லை. இதனைத் தனியொரு தாயின் கடுமையென நாம் ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழப் பத்தொன்பது மகப்பேறுகள், குழந்தைகள் பலரின் மரணம், 1705இல் கடனுக்காகக் கணவர் சிறைப்பட்டமை ஆகிய நெருக்கடிகளுக்கிடையே உருவான ஒழுங்கு அது. மனிதர் பிறப்பிலேயே பாவிகள் என்னும் கோட்பாடு அதற்கு இறையியல் நியாயம் வழங்கியது.

இதற்கு மாறாக, அமெரிக்கப் போதகர் ஹொரேஸ் புஷ்னெல், 1847இல் வெளியிட்ட கிறித்தவ வளர்ப்புப் பற்றிய நூலில், திடீர் மனமாற்றத்தை எதிர்பார்த்திருத்தலைக் கண்டித்தார். பிள்ளை சொற்களை அறியுமுன்பே பெற்றோரின் மனநிலையை உள்வாங்குகின்றது என்பது அவர் கருத்து. குடும்ப உளநலம் பற்றிய இன்றைய சிந்தனைக்கு இது மிக நெருக்கமானது.

ஆயின், பெற்றோரின் மனநிலை வானத்திலிருந்து இறங்குவதன்று. கூலியும் கடனும் ஓய்வின்மையும் அதனை உருவாக்குகின்றன. இவற்றைத் தொடாது பெற்றோருக்கு அன்பை உபதேசித்தல், அவர்தம் குற்றவுணர்வையே பெருக்கும் என்பது எமது துணிபு.