படுக்கைக்கும் வெய்யில் வேண்டும்



சென்ற மாதம் பிள்ளைகளின் இருமல் பற்றிய பேச்சு முடிந்ததும் பென்டில் ஹில்லிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். ஏழு வயது மகனுக்கு விடியப்புறம் இரண்டு மணியானால் இருமல் தொடங்கிவிடுமாம். பகலில் ஒன்றுமில்லை, ஓடி விளையாடுகிறான். ஒவ்வாமைச் சோதனை செய்த வைத்தியர் இது 'டஸ்ற் மைற்' செய்கிற வேலை என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து தாய்க்கு மனம் சரியில்லை. "நான் நாளுக்கு இரண்டு தரம் வக்கூம் பிடிக்கிறன் அண்ணை. என்ர வீட்டில பூச்சி எண்டு சொல்லிப்போட்டார்" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்துவிட்டது.

நேரம் போதாமையால் அன்று வானொலியில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தச் சகோதரி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது துப்புரவுக் குறைவால் வருவதல்ல என்பதே. பளிங்கு போல வைத்திருக்கும் வீட்டிலும் தூசு உண்ணி இருக்கும். அதற்கு வேண்டியது அழுக்கு அல்ல, ஈரம். அந்த ஈரம் வீட்டில் அதிகம் தங்குகிற இடங்களில் ஒன்று நாம் படுக்கிற மெத்தை.

ஊரில் எங்களுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிமிர்த்தி வைக்காவிட்டால் அம்மாவிடம் ஏச்சு விழும். இலவம்பஞ்சுத் தலையணைகள் வேலியிலும் கிணற்றுக் கட்டிலும் கிடந்து காயும். மாலையில் தட்டி எடுத்து வந்தால் பொங்கிப்போய், வெய்யில் மணத்தோடு இருக்கும். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களிலும் மழை விட்டதும் முதலில் வெளியே வந்தது படுக்கைதான். இதை எவரும் எங்களுக்குச் சுகாதாரப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

இங்கே வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது. மெத்தையைச் சுருட்ட முடியாது. முற்றம் இல்லை. வெளிக்கிடுகிற அவசரத்தில் டூனாவை இழுத்து மூடிவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். மூடிய படுக்கை பார்க்க அழகுதான். ஆனால் இரவு முழுவதும் எங்கள் மூச்சாலும் வியர்வையாலும் வெளியேறிய ஈரத்தின் ஒரு பகுதி அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அது சேருகிறது.

நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் வென்ட்வேர்த்வில் பக்கம் இரண்டு அறை யூனிற் ஒன்றில் இருந்தோம். கட்டில் வாங்கக் காசில்லை. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த மெத்தையைக் காப்பெற்றில் நேரே போட்டுப் படுத்தோம். உடுப்புக் காய்கிற ராக்கையும் அதே அறையில் விரித்தோம். குளிருக்குப் பயந்து யன்னல் திறப்பதேயில்லை. ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். உடம்புச் சூட்டில் மேலிருந்து இறங்கிய ஈரம் குளிர்ந்த தரையில் பட்டுத் தங்கியிருந்திருக்கிறது. இன்றைக்கும் புதிதாக வருகிற குடும்பங்களின் வீட்டுக்குப் போனால் தரையில் மெத்தையைக் காண்கிறேன். தயவுசெய்து அடியில் ஏதாவது கொடுத்து உயர்த்துங்கள். சட்டம் அடித்த பலகைக் கட்டில், பழையதானாலும் போதும். காற்றுப் போக நாலு விரல் இடைவெளி இருந்தால் மெத்தை தானாகவே உலரும்.

இனித் தூசு உண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான். மூட்டைப்பூச்சி போலக் கடிக்காது, இரத்தம் குடிக்காது. எங்கள் தோலிலிருந்து உதிர்கிற செதில்களைத் தின்று வாழும். அது தண்ணீர் தேடிப் போவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நீண்ட நாட்கள் அப்படியே நின்றால் அது வற்றிச் செத்துப்போகும். கடற்கரையோரச் சிட்னியில் இந்த உண்ணி மிக அதிகமாகவும், நியூ சவுத் வேல்ஸின் வரண்ட உட்பகுதிகளில் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் உயிருள்ள உண்ணியல்ல, அதன் எச்சம். 1981இல் யூவன் டோவி என்ற ஆய்வாளர் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். பின்னர் அவர் சிட்னியில் பல ஆண்டுகள் இதே ஆய்வில் ஈடுபட்டார். படுக்கையில் புரளும்போதும் போர்வையை உதறும்போதும் அந்த நுண்ணிய உருண்டைகள் எழும்பி மூக்குக்குள் போகின்றன. மூக்கு அடைக்கிறது, பிள்ளை வாயால் மூச்சு விடுகிறது, இருமுகிறது, தூக்கம் குழம்புகிறது. காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிறோம்.

எங்கள் அம்மாமார் செய்ததைச் சிட்னியிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. யூவன் டோவியும், சுவாசநோய் ஆய்வில் உலகப் பெயர் பெற்ற பேராசிரியை ஆன் வூல்கொக்கும் 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. உண்ணிகள் நிறைந்த தரைவிரிப்புகளைச் சூடான, வரண்ட நாளொன்றில் நேர் வெய்யிலில் சில மணி நேரம் போட்டார்கள். விரிப்பு நன்றாகச் சூடேறி உலர்ந்தது. உண்ணிகள் எல்லாம் செத்துவிட்டன.

ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். விரிப்பு மெல்லியது, வெய்யில் உள்ளே இறங்கியது. தடித்த மெத்தையின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. அத்தோடு, உண்ணி செத்தாலும் அதன் எச்சம் அங்கேயே இருக்கும். எனவே காயப்போட்ட பின் வெளியிலேயே வைத்து நன்றாகத் தட்ட வேண்டும், கழுவக்கூடியதைக் கழுவவும் வேண்டும்.

கழுவுவதைப் பற்றியும் சிட்னியில் ஆய்வு நடந்திருக்கிறது. 1992இல் வெளியான அதன்படி, நீரின் சூடு 55 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் இருந்தால் உண்ணிகள் எல்லாம் சாகும். குளிர்ந்த நீரில் கழுவினால் எச்சத்தின் பெரும்பகுதி போய்விடும், ஆனால் உண்ணிகள் பல உயிரோடு தப்பிவிடும். ஆகவே படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் கழுவுவது நல்லது. பல இயந்திரங்களில் 60 பாகை என்று ஒரு தெரிவு இருக்கும். அப்படி இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் கழுவி, சூடான ட்ரையரில் போட்டு எடுக்கலாம். சுடுநீர் தாங்காத கரடிப் பொம்மையைப் பையில் கட்டி ஓரிரு நாள் ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டுப் பிறகு குளிர்நீரில் அலசுங்கள். பிள்ளை அழுதால் கரடி பனிநாட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் அது வேலை செய்தது.

தினமும் செய்யக்கூடிய வேலை மிகச் சிறியது. எழும்பியதும் படுக்கையை மூடாதீர்கள். டூனாவைக் கால்மாட்டுக்கு மடித்துவிட்டு, எதிரெதிரான இரண்டு யன்னல்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வையுங்கள். குளிர்காலத்திலும்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஈரக்காற்று வெளியேறிவிடும், சுவர்கள் ஆறிப்போவதற்குள் மூடிவிடலாம். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் பழைய துவாயால் துடைத்து, அந்தத் துவாயை வெளியே காயப்போடுங்கள். படுக்கையை மூடுவது வேலையால் வந்த பிறகு நடக்கட்டும். விருந்தாளி வருகிறார் என்றால் மட்டும் விதிவிலக்கு.

வெய்யிலைப் பற்றி இன்னொன்று. ஊரில் சூரியன் உச்சிக்கு மேல் நின்றது. இங்கே வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. யூன் மாதத்து நடுப்பகலில் மெல்பேர்ணில் சூரியன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தைக்கூட எட்டுவதில்லை. தெற்குப் பக்க அறைக்கு வெய்யிலே கிடையாது. முடிந்தால் பிள்ளைகளை வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறையில் படுக்கவிடுங்கள். குளிர்காலத்தில் போர்வையைக் காயப்போட நல்ல நேரம் முற்பகல் பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. மூன்று மணிக்கு மேல் விட்டால் காய்ந்தது மறுபடியும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பின்வளவில் ஹில்ஸ் ஹொயிஸ்ற் கொடி உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் செய்யத் தொடங்கிய அந்தச் சுற்றுக்கொடி டூனாவுக்கென்றே செய்ததுபோல இருக்கும். யூனிற்றில் இருப்பவர்கள் பல்கனிக் கைபிடியின் மேல் போடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸின் மாதிரித் துணைவிதிகளே அதை அனுமதிப்பதில்லை. பல்கனிக்குள்ளே கதிரைகள் இரண்டின் முதுகில் விரித்தால் போதும்.

வீடே ஈரமாக இருந்தால் போர்வையை மட்டும் காயவைத்துப் பலனில்லை. ஒரு கூடை உடுப்பு அறைக்குள் காய்ந்தால் அதிலிருந்த தண்ணீர் முழுவதும் அந்த அறைக் காற்றில்தான் சேரும். புகைபோக்கி இல்லாத காஸ் ஹீற்றரும் நீராவியைக் கக்கும். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் காற்றாடியைப் போட்டு, கதவைச் சாத்தி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் சுவரில் பூஞ்சணம் வருகிறதென்றால் பிழை கட்டடத்தில் இருக்கலாம். வாடகை வீட்டிலிருக்கும் எம்மவர் பலர் வாய் திறப்பதில்லை. வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் விக்டோரியாவில் 2021 மார்ச் 29இலிருந்து நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச விதிகளின்படி, கட்டட அமைப்பால் வருகிற ஈரமும் பூஞ்சணமும் வாடகை வீட்டு அறைகளில் இருக்கக்கூடாது. நியூ சவுத் வேல்ஸில் 2020 மார்ச் 23 முதல், போதிய காற்றோட்டம் வாடகை வீட்டுக்குரிய குறைந்தபட்சத் தகுதிகளில் ஒன்று. படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் அறிவியுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தில் தமிழ் கேட்கலாம்.

இதையெல்லாம் செய்தால் தொய்வு மாறிவிடுமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். 1997இல் தொடங்கி, சிட்னியில் 616 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று நடந்தது. ஒரு பகுதியினருக்கு மெத்தை உறை முதலியவற்றால் உண்ணியைக் குறைத்தார்கள். உண்ணி குறைந்தது உண்மை. ஆனால் ஐந்து வயதில் தொய்வு வந்த பிள்ளைகளின் தொகை குறையவில்லை. தொய்வுக்குக் காரணங்கள் பல. எனவே உலர்ந்த படுக்கையை மருந்துக்குப் பதிலாக நினைக்காதீர்கள். முக்கியமாக, வைத்தியர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு மருந்தை, "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தாதீர்கள். நீல வெண்டோலின் முட்டு வந்த நேரத்துக்கு. தடுப்பு மருந்து அது வராமலிருப்பதற்கு.

தூக்கம் கெடுவதற்கும் படுக்கை மட்டுமே காரணமல்ல என்பது எங்களில் பலருக்குத் தெரியும். எவ்வளவு காய்ந்த போர்வையானாலும் சிலருக்கு நள்ளிரவில் ஷெல் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. அப்படியானவர்களுக்காகவே சிட்னியில் 1988 முதல் ஸ்ராட்ஸ் நிலையமும், மெல்பேர்ணில் 1987 முதல் பவுண்டேஷன் ஹவுஸும் இயங்குகின்றன. போய்க் கதைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக மெல்பேர்ண் நேயர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவ்வளவு நேரமும் வெளியே போடுங்கள் என்று சொன்ன நானே, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது புல் மகரந்தக் காலம். 2016 நவம்பர் 21 மாலை அங்கே அடித்த இடிமழைக் காற்றில், ஈரத்தால் வெடித்துச் சிதறிய றைப்புல் மகரந்தத் துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்ப் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அவர்களில் இந்திய, இலங்கைப் பின்னணி உள்ளவர்கள் சனத்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகமாக இருந்தார்கள். முன்பு தொய்வு என்று ஒருமுறையும் சொல்லப்படாத, வசந்தகாலத் தும்மல் மட்டுமே இருந்த பலரும் அதில் இருந்தார்கள். இங்கு வந்து சில வருடங்களில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கியிருந்தால் அதைச் சின்ன விடயமென்று விடாமல் வைத்தியரிடம் சொல்லிவையுங்கள்.

அந்த மூன்று மாதங்களும் மகரந்த அளவு கூடிய நாட்களில், காற்றடிக்கிற நாட்களில், படுக்கைத் துணிகளைக் கொடியில் போட வேண்டாம். ட்ரையர் பாவியுங்கள், அல்லது யன்னல் மூடிய அறையில் கண்ணாடியூடாக வருகிற வெய்யிலில் விரியுங்கள். காலையில் மகரந்த அறிவிப்பைப் பார்ப்பது வானிலை பார்ப்பது போலப் பழகிவிடும். இடிமழை வருகிறதென்று அறிவித்தால் கொடியில் கிடப்பதை உடனே உள்ளே எடுத்து, யன்னல்களைச் சாத்தி, வெண்டோலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, மழை ஓயும்வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள்.