உங்களுக்குத் தெரியுமா? அட்டைப்பெட்டியின் மறுபக்கம்

2007-இல் பெங்களூரில் தொடங்கிய ஃபிளிப்கார்ட், தன் கிடங்குகளின் பேக்கிங்கில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கை 2021-இல் கைவிட்டது. நல்லதுதான், ஆனால் வீட்டில் அட்டைப்பெட்டி குவிகிறதே! பழைய பேப்பர் கடையில் எடைக்குச் சில ரூபாய்தான் தேறும். அங்கிருந்து பெங்களூரின் ஜாலி மொஹல்லா போன்ற பழைய பொருள் சந்தை வழியாக ஆலைக்குப் போய்க் கூழாகும். கூழாக்கும்போதெல்லாம் காகித நார் குட்டையாகும். பொதுவாக 5 முதல் 7 முறைதான் தாங்கும்.

அதனால் எடைக்குப் போடும் முன் மீண்டும் பயன்படுத்துங்கள்; கூரியர் அனுப்ப அதே பெட்டி போதும். டேப்பை பிளேடால் கீறி, பக்கவாட்டு ஒட்டையும் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து ஒட்டினால் பழைய அச்சு மறைந்துவிடும். முகவரி, போன் நம்பர் உள்ள லேபிளை முதலில் கிழித்தெறியுங்கள். நனைந்து காய்ந்த பெட்டி மட்டும் வேண்டாம், பலம் போயிருக்கும்.