வானினின்று கண்ட அரண்கள்

ஆரணியில் பட்டுச் சேலையைச் சோதித்துப் பார்ப்பவர் அதனை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடிப்பர். நேரே நோக்கும்போது மறைந்திருக்கும் இழைக்குறை அப்பொழுது வெளிப்படும். பண்டைய மண்மேடுகளை வானிலிருந்து ஆராயும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. காலை மாலை வேளைகளில் சாய்ந்து விழும் வெயிலில், ஒரு முழமே எஞ்சியுள்ள மதிலடியும் நிழல் எறியும். தூர்ந்த அகழியில் ஈரம் தங்குவதால் அதன்மேல் பயிர் கருத்துச் செழிக்கும். புதைந்த சுவரின்மேல் வெளிறி நிற்கும். நிலத்தில் நிற்பவன் மேடுபள்ளங்களை மட்டுமே காண்பான். அவை சதுரமோ வட்டமோ என்பது மேலிருந்து நோக்குபவனுக்கே விளங்கும்.

இம்முறையைச் சிரியா நாட்டில் கையாண்ட முன்னோடி ஒரு குருவானவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. இயேசு சபையைச் சார்ந்த அந்துவான் புவாதபார் 1925 முதல் 1932 வரை அப்பாலைவனத்தின்மேல் விமானத்திற் பறந்து படமெடுத்தார். 1934இல் வெளியிட்ட நூலில் 116 கோட்டைகளைக் குறித்து, அவை வடக்குத் தெற்காக அமைந்த ரோமப் பேரரசின் கிழக்கெல்லைக் காவல் வரிசை எனக் கூறினார். பாரசீகரையும் நாடோடிகளையும் தடுத்த வேலி அது என்று பலர் ஏற்றனர். சபைச் சரித்திர வகுப்பில் கரும்பலகையில் அந்தக் கோட்டைப் பல ஆண்டுகள் வரைந்தவன் நானும்.

1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களின் இரகசியம் 1995இல் நீக்கப்பட்டது. அத்திட்டத்திற்குக் கொரோனா என்று பெயர். பிற்காலப் பெருந்தொற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவற்றையும் பின்வந்த உளவுப் படங்களையும் ஜெஸ்ஸி கசானாவும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து, முன்பு பதிவாகாத 396 கோட்டைகளையோ கோட்டை போன்ற கட்டடங்களையோ கண்டதாக 2023இல் அறிவித்தனர். அவை வடக்குத் தெற்கு வரிசையில் நிற்கவில்லை. கிழக்கு மேற்காகப் பரவிக் கிடந்தன. புவாதபார் பொய்யுரைக்கவில்லை. கோட்டைகள் இருக்குமென்று எதிர்பார்த்த வழியே அவர் பறந்தார். அவ்வழியில் இருந்தவற்றையே கண்டார்.

அப்படியாயின் அக்கோட்டைகளுட் பல, வணிகக் கூட்டங்களுக்கும் செய்தி கொண்டு செல்வோருக்கும் துணைநின்ற தங்கிடங்களாக இருந்திருக்கலாம் என்பது இவ்வாய்வாளரின் கருத்து. இது நமக்குச் சிறு காரியமன்று. யூபிராத்து நதிக்கரையிலுள்ள துரா யூரோப்பசில் மூன்றாம் நூற்றாண்டு வீட்டுச் சபையொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. எதேசாவிலும் அதற்குக் கிழக்கேயும் சிரிய மொழிச் சபை வளர்ந்தது. நம் நாட்டுத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மரபும் அச்சிரிய உறவினின்று வந்ததே. சுவிசேஷம் எல்லைவேலியைத் தாண்டிச் சென்றதா, மக்கள் நடமாடிய பாதைவழியே சென்றதா என்று நாம் மீண்டும் ஆராய வேண்டியுள்ளது.

ஆயினும் படம் மட்டும் காலத்தைச் சொல்லாது. ஒரு சதுரம் ரோமருடையதா, பிற்காலத்ததா என்பதை ஓடும் காசும் மண்ணடுக்குமே காட்டும். அக்கோட்டைகளுள் பலவற்றையோ பிற்கால உழவும் குடியிருப்பும் அழித்துவிட்டன. அவ்விடங்களுக்கு அந்தப் பழைய படச்சுருளே சாட்சி.

நம் மாணவர் இதனைப் பழகச் சிரியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் தளத்தில் ஆரணிக் கோட்டை மைதானத்தையும் சுற்றுப்புறத்து ஏரிக்கரைகளையும் முதலில் நோக்கட்டும். தாம் கண்டவற்றைத் தாளில் வரைந்துகொண்டு, பின்பு அக்கரைகளின்மேல் நடந்து, வரைந்ததில் எவை நிலத்தில் இல்லையென்று குறித்து வரட்டும்.