பச்சையில் மறையும் பச்சை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ச் சாலையில் மேற்கே செல்வோர், பாலுசெட்டிச்சத்திரத்தின் அருகே திருப்புட்குழி என்னும் சிற்றூரைக் காண்பர். ‘புள்’ என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு மாண்ட ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது வைணவ மரபு. விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றன. பறவையொன்றின் சாவை மறவாத இவ்வூருக்கு, உயிருள்ள பறவைகளைக் காண ஒருநாள் காலையில் சென்றோம். நாம் தேடியவை பச்சை நிறப் பறவைகள்.

பளிச்சென்ற நிறமாயிற்றே, எளிதில் கண்ணில் படும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். இலைகளின் நடுவே அமர்ந்த பச்சைப் பறவை இலையாகவே ஆகிவிடுகிறது. ஆகவே முதலில் வேலை செய்ய வேண்டியது காது. செம்புத் தகட்டைத் தட்டுவது போன்ற ‘டொக், டொக்’ ஓசை ஆலமரத்திலிருந்து வந்தது. கழுத்து வலிக்க நெடுநேரம் நோக்கிய பின்னரே செம்மார்புக் குக்குறுவான் தென்பட்டது. முதுகெல்லாம் பச்சை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்புப் பொட்டு. இதன் ஓசையைக் கேட்ட ஆங்கிலேயர், இதற்குக் கன்னான் என்றே பெயரிட்டனர்.

வயலோர மின்கம்பியில் பச்சைப் பஞ்சுருட்டான் அமர்ந்திருந்தது. கண்ணில் மை தீட்டியது போன்ற கறுப்புக் கோடு. வாலின் நடுவே நீண்ட இரு மெல்லிறகுகள். பறக்கும் தேனீயைக் கவ்வி வந்து, அமர்ந்த இடத்தில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்கும். மண்மேட்டில் வளை தோண்டி முட்டையிடும் இப்பறவையைப் பற்றி, மிலிந்த் வாட்வே என்னும் இந்திய அறிஞரும் அவர் குழுவினரும் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வளையைக் காணக்கூடிய இடத்தில் ஒருவர் நின்றால் பறவை உள்ளே செல்லத் தயங்குகிறது. வளை தெரியாத இடத்தில் நின்றால் அவ்வளவு தயங்குவதில்லை. நாம் பறவையைப் பார்க்கையில், நம் பார்வை எங்கே செல்கிறது என்பதை அதுவும் கவனிக்கிறது!

பிறகு கிளிகள் கூட்டமாய்க் கூவிப் பறந்தன. காஞ்சி நெசவாளர் ‘கிளிப்பச்சை’ என்று பட்டுக்குப் பெயரிட்டது இந்நிறத்தைக் கண்டுதான். பழங்காலச் சாயக்காரர் அவுரி நீலத்தோடு மஞ்சளைச் சேர்த்துப் பச்சை உண்டாக்கினர். கிளியின் இறகிலும் நடப்பது ஏறத்தாழ அதுவே. அதில் மஞ்சள் சாயம் உண்டு; நீலச் சாயம் இல்லை. நீலமோ, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. இரண்டும் கலந்து பச்சையாகின்றன. மஞ்சள் இன்றிப் பிறக்கும் கிளி நீலமாகவே இருக்கும்.

இங்கே நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் நாமும் கூண்டில் ஒரு கிளி வளர்த்தோம். கம்பியில் உராய்ந்து அதன் வாலிறகுகள் சிதைந்தன. ஒருநாள் மனமிரங்கிக் கூண்டைத் திறந்தோம். அது வெளியே வரவில்லை; அஞ்சி மூலையில் ஒடுங்கியது. அக்காட்சி இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சியல்ல, அந்தக் கிளியை எண்ணியே பெற்றோரை வேண்டுகிறோம்: பிள்ளைகள் கிளி கேட்டால், கூண்டு வாங்காதீர்கள், அவர்களை விடியற்காலையில் ஓர் ஆலமரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அங்கே பேசாமல் நில்லுங்கள். ஓசை வரும் திசையை நோக்குங்கள். காற்றில்லாதபோது அசையும் இலையைக் கவனியுங்கள். கூடு கண்டால் விலகி நில்லுங்கள். கண்ட பறவையின் பெயரையும் நாளையும் பிள்ளைகள் ஓர் ஏட்டில் எழுதி வரட்டும். தமிழகத்தின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறாவும் பச்சைச் சிறகுடையதே. மலைக்காட்டுப் பக்கம் செல்லும் நாளில் அதற்கும் அவ்வேட்டில் ஓர் இடம் கிடைக்கலாம்.

“அதோ!” என்று குழந்தை கைநீட்டும் அந்த நொடியில், பறவை பறந்தும் போகலாம். போகட்டும், மறுநாளும் அது வரும், நாமும் வருவோம்.