சாலைக் கார் பந்தயக் கார் ஆகும்போது

ஷோரூமில் விற்கும் காரைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டும் விளையாட்டாகத் தொடங்கியதே ‘ஸ்டாக் கார்’ பந்தயம். அமெரிக்காவில் 1948-இல் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு உருவான காலத்தில் பல பந்தயங்கள் மண் தடத்தில்தான் நடந்தன. அங்கே இன்றும் வார இறுதி இரவுகளில், வேறு தொழில் பார்ப்பவர்கள் நீள்வட்ட மண் தடங்களில் கார் ஓட்டுகிறார்கள். தண்ணீர் லாரி நனைத்துவிட்ட களிமண் முதலில் டயரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்து பளபளப்பானதும் வழுக்கும். இடப்பக்க வளைவில் பின்சக்கரங்கள் வெளியே சறுக்கும்போது, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துக் காரை அடக்குகிறார்.

சென்னையில் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு நெருக்கமானது தார்த் தடத்தில் நடக்கும் டூரிங் கார் பந்தயம். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் அமைத்தது. 1990 முதல் பந்தயங்கள் நடக்கும் அந்த டிராக்கின் நீளம் சுமார் 3.7 கி.மீ.; வளைவுகள் 12. ஃபார்முலா 1 வரை சென்ற நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் இங்கே ஓட்டியவர்கள். வேலைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே பந்தயம் ஓட்டுபவர்களுக்கும் இதே டிராக்தான்.

பந்தயம் ஓட்ட சாதாரண டிரைவிங் லைசென்ஸ் போதாது. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவத் தகுதிச் சான்றும் தேவை.

அடுத்தது காரைத் தயார்செய்வது. பின் இருக்கை, தரைவிரிப்பு, ஏ.சி. என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கார் உருண்டாலும் கூரை நசுங்காதிருக்க, உள்ளே இரும்புக் குழாய்களால் ‘ரோல் கேஜ்’ பொருத்துவார்கள். ஓட்டுநரை இறுக்கிக் கட்டும் பல முனை பெல்ட், தீயணைப்பான், மின் இணைப்பை நொடியில் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவையும் உண்டு. காருக்கு வெளியிலிருந்தும் அந்த சுவிட்சை இயக்கலாம். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறி அதன் இடத்தைக் காட்டும்.

பந்தயத்துக்கு முன் தொழில்நுட்ப அதிகாரிகள் காரையும், ஹெல்மெட், தீ எளிதில் பற்றாத உடை ஆகியவற்றையும் சோதிப்பார்கள். பிறகு பயிற்சி ஓட்டம், அதையடுத்து தகுதிச் சுற்று. தகுதிச் சுற்றில் எடுத்த குறைந்த நேரத்தை வைத்தே பொதுவாகப் புறப்படும் வரிசை அமையும். புதியவர் முதலில் கற்க வேண்டியது பிரேக் போடும் இடத்தை. நேர்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் நுழைந்தால்தான், வெளியேறும்போது முழு வேகம் எடுக்க முடியும். அவசரப்பட்டு நுழைபவர் தடத்தை விட்டு விலகி நேரத்தை இழப்பார்.

ஓடும்போது கொடிகளே சட்டம். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்படுகிறது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பந்தயம் முடிந்ததைச் சொல்கிறது.

இரவுப் பந்தயமும் சென்னைக்குப் புதிதல்ல. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில், மின்விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. ஆனால் அதற்காகச் சாலைகள் மூடப்பட்டன, தடுப்புகள் வைக்கப்பட்டன, மருத்துவக் குழுவும் தயாராக இருந்தது. இவை எதுவும் இல்லாமல் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடுவது விளையாட்டாகாது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேகத்தில் ஆசையுள்ள ஆவடி, அம்பத்தூர் இளைஞர்களுக்குச் சட்டம் அனுமதித்த டிராக் பூந்தமல்லிக்கு அப்பாலேயே இருக்கிறது. அங்கே போய் முறையாகக் கற்று ஓட்டுங்கள்.